லண்டன்காரர் டோக்கியோ ரயிலில் ஏறினால் எதற்கெல்லாம் முழிப்பார்?

கேள்வி இது: "பிரிட்டன், ஜப்பான் இரண்டும் தீவு நாடுகள். இரண்டிலும் சாலையில் இடப்பக்கம் போகிறார்கள், வரிசையில் நிற்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள், ரயிலில் பக்கத்து ஆளிடம் பேசமாட்டார்கள். அப்படியிருந்தும் டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே ஆபீஸ் போகும் கூட்டத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு ஆச்சரியப்படுகிறார்கள்? அன்றாடத்தில் அப்படி என்னதான் வித்தியாசம்?"

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு டோக்கியோ வந்தவன் நான். வந்து 12 வருடம் ஆகிறது. வீடு நிஷி கசாயில். டோக்கியோவில் இந்தியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டும் பேட்டை அது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர். அங்கிருந்து நகரின் நடுவுக்குப் போக தோசாய் லைன் என்ற சுரங்க ரயில். எங்கள் ஆபீசுக்கு லண்டனிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆங்கிலேயர், தெற்கு லண்டனின் க்ராய்டன்காரர், எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தார். நாலு வருடம் காலையில் ஒரே ரயில், ஒரே கதவு. கீழே சொல்வதில் பாதி அவருடைய புலம்பல், மீதி என் வியாக்கியானம்.

சுருக்கமாகச் சொன்னால், பிரிட்டிஷ்காரருக்கு ரயில் மரியாதை வாயில் இருக்கிறது. ஜப்பானியருக்கு உடம்பில் இருக்கிறது. 'சாரி', 'எக்ஸ்க்யூஸ் மீ', 'தேங்க் யூ' என்று நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லியே இடிபாடுகளைச் சமாளித்துப் பழகியவர் அவர். இங்கே பையை எங்கே வைப்பது, முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது, முழங்கையை எப்படி ஒடுக்குவது என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. வாயைத் திறக்கவே வேண்டாம். இது பிடிபடும்வரை ஜப்பானியர்கள் காலை எட்டு மணிக்கு முரடர்களாகவும் எட்டே காலுக்கு மகான்களாகவும் தெரிவார்கள்.

முதல் திங்கட்கிழமையே அது நடந்தது. கிபா ஸ்டேஷனிலிருந்து மொன்சென் நகாச்சோ வரை உள்ள அந்த ஒரு நிறுத்த தூரம்தான் தோசாயில் உச்ச நெரிசல். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் அங்கே காலை நேர நெரிசல் 199 சதவீதம் (பெட்டியின் கொள்ளளவுதான் 100). நாட்டிலேயே அதிகம் என்று பெயர் வாங்கிய இடம். இந்தச் சதவீதத்தை ஜப்பானில் வெகுகாலம் விளக்கி வந்த விதமே தனி அழகு. 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துக்கொண்டு படிக்கலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனால் வாரப்பத்திரிகை அளவு இருந்தால் எப்படியோ படித்துவிடலாம். 250 என்றால் கையை அசைக்க முடியாது. மூச்சு விட முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை, படிக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோலாக இருந்தது!

அப்படிப்பட்ட பெட்டியில் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார் நம் ஆள். கிபாவில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நுழைந்தார். கதவுக்கு மேலே இருந்த விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகால் ஒரே அழுத்து. உள்ளே வந்துவிட்டார். ஒரு வார்த்தை கிடையாது. நம் ஆள் மட்டும் தான் இடித்த, தன்னை இடித்த ஏழு பேரிடமும் 'சாரி' சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "தள்ளுவதற்குத் தள்ளுகிறான், வாயிலிருந்து ஒரு சொல் வரமாட்டேன் என்கிறதே" என்று ஆபீஸ் போய்ச் சேரும்வரை ஆறவில்லை அவருக்கு. லண்டனில் யாராவது உங்கள் காலை மிதித்தால் மிதித்தவரும் சாரி சொல்வார், மிதிபட்ட நீங்களும் சாரி சொல்வீர்கள். அது அங்கே அனிச்சைச் செயல்.

நான் அவருக்குச் சொன்ன விளக்கம்: அந்த மனிதர் முதுகைக் காட்டி வந்ததே மரியாதைதான். முகத்தைப் பார்த்தபடி வந்து நெஞ்சால் தள்ளினால் அது ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் காரியம். முதுகால் அழுத்தினால் அது கூட்டம் செய்யும் காரியம். அதற்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? 1955-ல் டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் மாணவர்களைப் பகுதி நேர வேலைக்கு எடுத்து, பயணிகளை உள்ளே தள்ளிக் கதவை மூட வைத்தார்கள். 'ஒஷியா', அதாவது தள்ளுபவர், என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்றைக்கும் தேவைப்பட்டால் ஸ்டேஷன் ஊழியர் வெள்ளைக் கையுறையோடு வந்து தள்ளுவார். அவரும் யாரையும் தனியாகத் தள்ளுவதில்லை.

அடுத்த ஸ்டேஷனில் நம் ஆளுக்கு நேர்மாறான அனுபவம். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண் "ஒரிமாஸ்" என்றார், இறங்குகிறேன் என்று அர்த்தம். கதவருகே நின்ற ஆறேழு பேரும், அந்தத் தள்ளுமுள்ளுக்காரர் உட்பட, நடைமேடையில் இறங்கி இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவர் போனதும் இறங்கிய வரிசையிலேயே திரும்ப ஏறினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் யாரும் முந்திக்கொண்டு நுழையவில்லை. லண்டனில் கதவருகே நிற்பவர் இறங்கமாட்டார். இறங்கினால் இடம் போய்விடும் என்று பயம். வயிற்றை எக்கிக்கொண்டு, 'சாரி, சாரி' என்று வழிவிடுவார். அந்த வயிற்றுக்கும் கதவுக்கும் நடுவில் நான் இரண்டரை வருஷம் நசுங்கியிருக்கிறேன்.

வரிசை விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தன்மானப் பிரச்சினையே வந்துவிட்டது. க்யூ என்றாலே தங்கள் தேசியக் கலை என்று நினைப்பவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். தபால் ஆபீஸிலும் பஸ் ஸ்டாப்பிலும் அது உண்மை. ஆனால் லண்டன் பாதாள ரயிலின் நடைமேடையில் வரிசை கிடையாது. கதவு எங்கே வந்து நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டு ஆளாளுக்கு ஒரு கொத்தாக நிற்பார்கள். இங்கே தரையில் கோடு போட்டிருக்கும். ரயில் அந்தக் கோட்டில்தான் வந்து நிற்கும். கோட்டுக்குப் பின்னால் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக நிற்பார்கள். சில ஸ்டேஷன்களில் 'இந்த ரயிலுக்கு' ஒரு வரிசை, 'அடுத்த ரயிலுக்கு' தனி வரிசை. அங்கிருந்தே கிளம்பும் காலி வண்டியில் உட்கார இடம் பிடிக்க, வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்காக இப்படிக் காத்திருப்பார்கள். அந்தக் காலி வண்டியின் கதவு திறந்ததும் நடக்கும் இருக்கைப் பந்தயத்தைப் பற்றி மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. முழங்கால் மடங்காமல், ஓடாமல், ஆனால் ஓட்டத்தின் வேகத்தில் ஒரு நடை. அதையும் பேசாமல்தான் நடப்பார்கள்.

டிக்கெட் கேட்டில் அவர் பட்ட அவதி எனக்குப் பழக்கமானது, நானும் பட்டிருக்கிறேன். லண்டனில் கேட் மூடியே இருக்கும். அட்டையைத் தொட்டால் திறக்கும். ஜப்பானில் பெரும்பாலான கேட்டுகள் திறந்தே இருக்கும். அட்டையில் பணம் போதாவிட்டால்தான் சிறகு மாதிரி இரண்டு பலகை வந்து மூடும். லண்டன் பழக்கத்தில் அவர் அட்டையைத் தொட்டுவிட்டு அரை விநாடி நிற்பார், கேட் 'திறக்கட்டும்' என்று. பின்னால் வருபவர் நடக்கிற வேகத்தில் வந்து முதுகில் மோதுவார். இங்கே யாரும் அந்த இடத்தில் நிற்பதாகக் கணக்கே இல்லை. 2001-ல் சுய்க்கா என்ற பயண அட்டையைக் கொண்டுவந்தபோது, நடக்கிறவர் நடையைத் தளர்த்தாமல் போக வேண்டும் என்பதற்காக 0.2 விநாடிக்குள் கணக்கு முடிய வேண்டும் என்று வைத்தார்கள். லண்டனின் ஆய்ஸ்டர் அட்டை வந்தது 2003-ல். அதற்கு இந்த அவசரம் கிடையாது. ஷின்ஜுகு ஸ்டேஷனை ஒரு நாளைக்கு 35 லட்சம் பேர் அளவில் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அரை விநாடிக் கணக்கு புரியும்.

எஸ்கலேட்டர்: லண்டனில் வலது பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பது. சரி, மாற்றிக்கொண்டார். மூன்றாவது மாதம் ஒசாகாவுக்கு வேலையாகப் போனார். அங்கே எல்லோரும் வலப்பக்கம் நிற்கிறார்கள்! நாடு ஒன்று, பக்கம் இரண்டு. இதில் வேடிக்கை, எஸ்கலேட்டரில் நடக்கவே கூடாது என்று சைதாமா மாகாணம் 2021-ல் விதி கொண்டுவந்தது, நகோயா நகரம் 2023-ல். அபராதம் எதுவும் இல்லை. லண்டனிலும் 2015 கடைசியில் ஹோபர்ன் ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் நின்றே போகச் சொல்லிப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் அதிகம் பேர் ஏறிப் போனார்கள், ஆனால் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். லண்டன்காரருக்கு எஸ்கலேட்டரின் இடது பக்கம் என்பது பாட்டன் சொத்து.

சத்தத்துக்கு வருவோம். இரண்டு ஊரிலும் ரயிலில் பேசமாட்டார்கள் என்பது பாதி உண்மை. லண்டனில் அந்நியரோடு பேசமாட்டார்கள், அவ்வளவுதான். போனில் மனைவியோடு சண்டை, இரவு என்ன சமையல், மேலாளர் எவ்வளவு பெரிய முட்டாள் எல்லாம் பெட்டி முழுக்கக் கேட்கும். டோக்கியோவில் ரயிலில் போனை எடுத்துப் பேசுவதே கிடையாது. சைலன்ட் மோடுக்கு இங்கே பெயரே 'மேனர் மோட்', ஒழுக்க நிலை. தவறிப்போய் மணி அடித்துவிட்டால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ரயிலில் இருக்கிறேன், அப்புறம்" என்று குசுகுசுத்து வைத்துவிடுவார்கள். முதியோருக்கான இருக்கை அருகே, கூட்டமாக இருந்தால், போனை அணைத்தே வைக்கச் சொல்வார்கள்.

ஆனால் பயணிகள் அடக்கிய சத்தத்தையெல்லாம் ஸ்டேஷன் ஈடுகட்டிவிடும். ரயில் கிளம்ப ஒரு மெட்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேறு மெட்டு. படிக்கட்டு எங்கே என்று பார்வையற்றவர்களுக்குத் தெரியக் குருவிச் சத்தம். மழை நாளில் குடையை மறக்காதீர்கள் என்று அறிவிப்பு. நம் ஆள் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்கு. லண்டனில் சில டிரைவர்கள் மைக்கில் கிண்டல் அடிப்பார்கள். "கதவை மறித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கனவான் உள்ளே வரலாமா, வெளியே போகலாமா என்று முடிவு செய்ததும் நாம் கிளம்பலாம்" என்கிற ரகம். மூக்கால் பேசும் ஒரே ராகத்தில் ஜப்பானியக் கண்டக்டர் அறிவிப்பதில் ஒரு எழுத்து கூடாது, குறையாது. நாலு வருடத்தில் ஒரு ஜோக் கூடக் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்.

மூக்கு என்றதும் நினைவு வருகிறது. இருவருக்கும் உண்மையிலேயே ஒத்துப்போகாத விஷயம் இதுதான், இதை எந்தப் பயணக் கையேட்டிலும் அழுத்தமாகச் சொல்வதில்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஜப்பானில் சுகி மரத்தின் மகரந்தம் பறக்கும். போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலை மலையாக நட்ட மரம். நாட்டில் ஏராளமானோருக்கு அந்த மாதங்களில் மூக்கு ஒழுகும். ரயிலில் அவர்கள் செய்வது, உறிஞ்சுவது. நிஷி கசாயிலிருந்து ஓத்தேமாச்சி வரை பக்கத்து ஆள் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை உறிஞ்சுவார். பிரிட்டனில் உறிஞ்சுவது அசிங்கம், சின்னப் பிள்ளையிலேயே அடித்துத் திருத்துவார்கள். கைக்குட்டையை எடுத்துச் சிந்திவிட வேண்டும். ஜப்பானில் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சிந்துவதுதான் அசிங்கம். ஒரு மார்ச் மாதக் காலையில் நம் ஆளுக்கும் சளி பிடித்தது. துணிக் கைக்குட்டையை விரித்து, சங்கு ஊதுவது போல ஒரு சிந்து சிந்தி, அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். எதிரே இருந்த அம்மாளின் பார்வை கைக்குட்டையோடு சேர்ந்து அந்தப் பைக்குள் போனது. ஜப்பானியர் கைக்குட்டை வைத்திருப்பது கழுவிய கையைத் துடைக்க. நிறைய ஸ்டேஷன் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் இருக்காது. மூக்குக்குக் காகித டிஷ்யூ. ஸ்டேஷன் வாசலில் விளம்பரம் ஒட்டிச் சும்மாவே கொடுப்பார்கள்.

சாப்பாட்டிலும் இப்படி ஒரு குறுக்குச் சால் உண்டு. க்ராய்டன் ரயிலில் சிப்ஸ், சாண்ட்விச், ராத்திரியானால் வறுத்த கோழி வரை சாப்பிடுவார்கள். டோக்கியோவில் தினசரி ரயிலில் வாயைத் திறந்து எதையும் மெல்லமாட்டார்கள். சட்டம் இல்லை, வழக்கம். அதே ஜப்பானியர் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறிவிட்டால் எகிபென் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுவார், கூடவே பீர். இருக்கைகள் ஒரே பக்கம் பார்த்திருந்தால் சாப்பிடலாம், எதிரெதிரே பார்த்திருந்தால் கூடாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, இதுவரை பொய்க்கவில்லை. மதுவோ தலைகீழ். லண்டன் பாதாள ரயிலிலும் பஸ்ஸிலும் 2008 ஜூன் 1 முதல் குடிக்கத் தடை. ஜப்பானில் தடையே இல்லை.

தடை இல்லாததன் விளைவை வெள்ளிக்கிழமை கடைசி ரயிலில் பார்க்கலாம். காலையில் சிலை மாதிரி நின்ற அதே கோட்டு சூட்டுகள், தள்ளாடிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு, சிலர் நடைமேடையிலேயே படுத்துக்கொண்டு. குடித்தவர்கள் தண்டவாளத்தில் விழுவது எப்படி என்று மேற்கு ஜப்பான் ரயில்வே கேமரா பதிவுகளைப் பார்த்து ஆராய்ந்தது. தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குப் போய் விழுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து நேராக நடந்து நேராக விழுகிறார். அதனால் பெஞ்சுகளைத் தண்டவாளத்தைப் பார்க்காமல் நடைமேடையின் நீளவாக்கில் திருப்பிப் போட்டார்கள். நேராக நடந்தாலும் நடைமேடையிலேயே நடப்பார். 'குடித்துவிட்டு வராதீர்கள்' என்று போர்டு வைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

தாமதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்தில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது உலகமெல்லாம் செய்தியானது. பிரிட்டனில் அதை நகைச்சுவைத் துணுக்கு போலப் படித்தார்கள். பிரிட்டனில் வெகுகாலம் 5 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கு, தொலைதூர வண்டிக்கு 10 நிமிடம். தண்டவாளத்தில் இலை விழுந்தது, 1991-ல் 'தப்பான ரகப் பனி' விழுந்தது என்று சொன்ன சமாதானங்கள் அங்கே பழமொழி ஆகிவிட்டன. இதெல்லாம் தெரிந்த கதை. இதற்குப் பின்னால் இருப்பது யார் காசு என்ற கேள்வி.

ஜப்பானில் ஆபீஸ் போகும் பாஸுக்குப் பெரும்பாலும் நிறுவனம்தான் பணம் கொடுக்கிறது. மாதம் 1,50,000 யென் வரை அந்தப் படிக்கு வரியும் இல்லை. அதனால் ஒன்றரை மணி நேரம் தள்ளி வீடு வாங்கலாம், ரயிலில் தூங்கலாம். ரயில் தாமதமானால் பயணிக்கு வேண்டியது பணமல்ல, ஆபீஸில் காட்ட ஒரு சாட்சி. ஸ்டேஷன் ஊழியர் கேட்டருகே நின்று 'சியென் ஷோமெய்ஷோ' என்ற தாமதச் சீட்டைக் கட்டுக்கட்டாக நீட்டுவார். இப்போது இணையத்திலும் எடுக்கலாம். பிரிட்டனில் சீசன் டிக்கெட் அவரவர் சம்பளத்திலிருந்து. நிறுவனம் மிஞ்சிப்போனால் கடன் கொடுக்கும். அதனால் அவர் வாடிக்கையாளராகக் கோபப்படுவார், 15 நிமிடமோ 30 நிமிடமோ தாமதமானால் விண்ணப்பம் போட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்குவார். நம் ஆள் முதல் தடவை தாமதச் சீட்டை வாங்கி, பணம் எங்கே கொடுப்பார்கள் என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

அவரை இன்னும் வருத்தியது வேறு. லண்டனில் ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் பெட்டி உயிர் பெறும். ஒருவர் பெருமூச்சு விடுவார், இன்னொருவர் கண்ணை உருட்டுவார், மூன்றாமவர் "வழக்கம்போல" என்பார்; அப்புறம் எல்லோரும் சேர்ந்து திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். புலம்பல்தான் அங்கே அறிமுகச் சீட்டு. இங்கே ஒரு நாள் அரகாவா ஆற்றுப் பாலத்தில் இருபது நிமிடம் நின்றோம். குளிர்கால வெளிச்சத்தில் தூரத்தில் ஃபூஜி மலை தெரிந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் போனை எடுத்து ஆபீஸுக்குச் செய்தி தட்டினார்கள், போனை வைத்தார்கள், பேசாமல் நின்றார்கள். "இவ்வளவு பேர் நடுவில் இவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை" என்றார்.

பக்கத்து இருக்கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டமான பெட்டியில் வெளிநாட்டவர் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். இங்கே வாழும் எல்லா வெளிநாட்டவரும் பேசிக்கொள்வது. ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம் பாதி, அகலமான தோள் கொஞ்சம், மீதி நேரடியான ஒதுக்கல்தான் என்பது என் எண்ணம். நிஷி கசாயில் எங்களைப் பார்த்துப் பழகிவிட்டதால் குறைவு. காலை எட்டு மணிக்கு அந்த ஆடம்பரத்துக்கு இடமும் இல்லை. ஞாயிறு மத்தியானம் தெரியும். அவருக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. எனக்கு இல்லை. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை நான் லண்டனிலேயே பார்த்திருக்கிறேன், அங்கே இருந்தபோது அவர் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாரி" என்றார். இந்த ஒரு சாரி மட்டும் பழக்கதோஷம் இல்லை.

பேசாத பண்பாட்டின் அசிங்கமான பக்கம் பெண்கள் பெட்டியில் தெரியும். வந்த புதிதில் ஒரு நாள் தனியாகப் போன நம் ஆள், தரையில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புக் குறிப்பைக் கவனிக்காமல் அதில் ஏறிவிட்டார். மூன்று ஸ்டேஷன் கழித்துத்தான் சுற்றிலும் பெண்களாகவே இருப்பது உறைத்தது. அதுவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. லண்டனாக இருந்தால் அரை நிமிடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். நெரிசலில் பெண்களைத் தொடும் 'சிகான்' கொடுமை அளவு மீறியதால் 2000-ஆம் ஆண்டுக் கடைசியில் கெய்யோ லைனில் இரவு ரயிலில் சோதனையாகத் தொடங்கி, 2005 வாக்கில் டோக்கியோவில் பரவலானது இந்தப் பெட்டி. பிரிட்டனில் 2015-ல் அரசியல்வாதி ஜெரமி கார்பின் இப்படி ஒரு யோசனையைத் தொட்டபோது, பெண்களை ஒதுக்கி வைப்பதா என்று எதிர்ப்பு வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. டோக்கியோ போலீஸ் ஒரு போன் செயலி வைத்திருக்கிறது, பொத்தானை அழுத்தினால் "நிறுத்துங்கள்!" என்று போன் உரக்கக் கத்தும். வாய் வராத இடத்தில் பேச ஒரு கருவி. பிரிட்டனில் ரயில்வே போலீசின் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்கிறார்கள். அத்தனை 'எக்ஸ்க்யூஸ் மீ' பழகிய ஊரிலும் அந்த நேரத்தில் வாய் வருவதில்லை.

கடைசியாக இருக்கை. இடம் விட்டுக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்பது எல்லா பிரிட்டிஷ்காரர்களின் புகார். முதியோர் இருக்கை ஜப்பானில் 1973 செப்டம்பர் 15-ல், முதியோர் தினத்தன்று, சுவோ லைனில் வந்தது. ஷின்கான்செனுக்கு நெய்த சாம்பல் வெள்ளித் துணி மிச்சம் இருந்ததால் அதைப் போட்டார்கள். அதனால் 'சில்வர் சீட்'. தலை நரைத்தவர்களுக்கு என்ற அர்த்தம் பிறகுதான் பொருந்திக்கொண்டது. மற்ற இருக்கைகளில் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். நிஜமாகவே தூங்குகிறவர்களும் உண்டு, தங்கள் ஸ்டேஷன் வந்ததும் சாவி கொடுத்தது போல எழுந்து போவார்கள். நம் ஆள் ஒரு மூதாட்டிக்கு எழுந்து, கையைக் காட்டி, "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இவர் விடவில்லை. பெட்டியே பார்த்தது. அந்த அம்மாள் முகம் சிவந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கியே போய்விட்டார்.

ஜப்பானியர் இடம் கொடுக்கும் முறை வேறு என்று பிறகு அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். தேவைப்பட்டவர் ஏறியதும், நம் ஸ்டேஷன் வந்துவிட்டது போல எழுந்திருக்க வேண்டும். யாரையும் பார்க்கக் கூடாது. நடந்து போய் அடுத்த கதவருகே நின்றுகொள்ள வேண்டும். இருக்கை தானாகக் காலியானது. யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அதை அவர் செய்தார். மினாமி சுனாமாச்சியில் ஒரு இளம்பெண் ஏறினாள், கைப்பையில் கர்ப்பிணிகளுக்கான வட்டச் சின்னம் தொங்கியது; 2006-லிருந்து இங்கே உண்டு. லண்டனில் அதற்கு முந்தைய வருடமே 'பேபி ஆன் போர்டு' பட்டை வந்துவிட்டது. நம் ஆள் போனைப் பார்த்தபடியே எழுந்தார், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார், ஜன்னலைப் பார்த்து நின்றார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. அவள் உட்கார்ந்தாள். நிஹொன்பாஷியில் இறங்கும்போது அந்தக் கதவுவரை வந்து, ஒன்றும் பேசாமல், தலையை லேசாகத் தாழ்த்தினாள்.

நாலு வருடப் பயிற்சி அந்த இடத்தில் கைவிட்டது. "சாரி" என்றார்.